பாதி பிறந்த பிள்ளை

கழுத்தில் தன் தலையளவுக்கு ஒரு கட்டியைச் சுமந்துகொண்டு ஒரு சிசு தாயின் வயிற்றுக்குள் மாதக்கணக்கில் சௌக்கியமாக இருக்க முடியும். புரளும், உதைக்கும், விரல் சூப்பும். கட்டி மூச்சுக்குழாயை நசுக்கி அடியோடு அடைத்துவிட்டிருந்தாலும் அதற்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. மூச்சுக்குழாயால் அதற்கு இன்னும் வேலையே இல்லை. ஆக்சிஜன் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடிக்கு வந்து, அங்கிருந்து தொப்புள்கொடி வழியாக உள்ளே போகிறது. நுரையீரலில் இருப்பது காற்றல்ல, நீர். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சிறு பங்குதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது.

அதன் உயிருக்குக் கெடு வைப்பது பிரசவம். தொப்புள்கொடியை அறுத்த நொடியில் பழைய வழி மூடிப்போகிறது. புதிய வழி திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் மருத்துவர் கையில் இருப்பது சில நிமிடங்கள். அதற்குள் ஆக்சிஜன் போகாவிட்டால் மூளை சேதமடையத் தொடங்கும்.

இப்படி வழியை அடைக்கும் பிறவிக் கட்டிகள் ஒரே வகையல்ல. டெரட்டோமா என்பது கருவின் மூன்று படலங்களிலிருந்தும் எழக்கூடியது. அறுத்துப் பார்த்தால் உள்ளே மூளைத் திசு, குருத்தெலும்பு, சில சமயம் பல்லும் முடியும்கூட இருக்கும். கழுத்தின் முன்புறத்தில் தைராய்டை ஒட்டி வளரும். இன்னொரு வகை அண்ணத்திலிருந்து கிளம்பி, வாயை நிறைத்து, உதடுகளுக்கு வெளியே பிதுங்கி நிற்கும். இதற்கு எபிக்னாதஸ் என்று பெயர். நிணநீர்ப் பைகள் கொத்துக் கொத்தாக வீங்கி, கழுத்திலிருந்து நாக்கின் அடிவரை பரவுவதும் உண்டு. அது உண்மையில் கட்டிகூட அல்ல, வடிவம் கெட்டுப்போன நிணநீர்க் குழாய்கள். ஈறிலிருந்து தொங்கும் எபுலிஸ் என்ற கட்டியை 1871இல் எர்ன்ஸ்ட் நாய்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்து எழுதினார். அது பெண் குழந்தைகளிடமே மிக அதிகமாகக் காணப்படுகிறது. ஏன் என்பதற்குத் தெளிவான விளக்கம் இன்றுவரை கிடையாது.

எனக்கு இதில் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. முதுகிலோ தொடையிலோ வந்திருந்தால், பிறந்து சில வாரம் பொறுத்து, வெட்டி எடுத்துவிட்டு மறந்துவிடலாம். வந்த இடம்தான் கொல்கிறது.

ஸ்கேன் இல்லாத காலத்தில் இந்தக் கட்டியைப் பற்றி முதலில் தெரியவருவதே பிரசவ அறையில்தான். தலை வெளியே வரும், பின்னாலேயே கட்டி வரும், குழந்தை வாயைத் திறக்கும், சத்தம் வராது. மருத்துவர் குரல்வளை காட்டியை நாக்கின் மேல் வைத்து உள்ளே பார்த்தால் குரல்நாண் தெரிய வேண்டிய இடத்தில் சதைதான் தெரியும். கழுத்தைக் கீறி நேரே மூச்சுக்குழாயில் துளையிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. குழாய் நடுவில் இருக்காது. கட்டி அதை ஒரு பக்கமாகத் தள்ளி, பின்னுக்கு அழுத்தி, சுண்டுவிரலைவிட மெல்லிய அந்தக் குழலை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கும். தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிடும். பெரிய கழுத்து டெரட்டோமாவோடு பிறந்து, மூச்சுப்பாதை கிடைக்காமல்போன குழந்தைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போயின.

1958இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்டு, வயிற்றுக்குள் இருப்பதை ஒலி அலையால் பார்க்கலாம் என்று லான்செட் இதழில் எழுதினார். அதிலிருந்து ஒரு தலைமுறைக்குள், கட்டியைப் பிரசவத்துக்கு மாதங்கள் முன்பே பார்க்க முடிந்தது. பல தாய்மாரிடம் முதல் துப்பு கட்டியாக வரவில்லை, தண்ணீராக வந்தது. சிசு பனிக்குட நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். கட்டி உணவுக்குழாயை நெரித்துவிட்டால் குடிக்க முடியாது. நீர் தேங்கும், வயிறு மாதக் கணக்குக்கு மீறிப் பெருக்கும். ஸ்கேன் எடுத்தால் கழுத்து அண்ணாந்தபடியே இருக்கும். கட்டி தலையைக் குனியவிடாது.

ஆக, முன்கூட்டியே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது? சிசேரியனுக்கு நாள் குறிப்பார்கள். காது மூக்குத் தொண்டை அறுவை மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். குழந்தையை எடுத்து, கொடியை அறுத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அறிவு கூடியதே தவிர நேரம் கூடவில்லை.

இந்த இடத்தில் யாருக்கும் ஒரு கேள்வி எழும். கொடியை ஏன் அறுக்க வேண்டும்? தலையை மட்டும் வெளியே எடுத்து, கொடி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்குழாயைத் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம் அறுத்தால் என்ன?

கேட்டவர்கள் இருந்தார்கள். 1989இல் நாரிஸ் என்ற மயக்கவியல் மருத்துவரும் சகாக்களும், கழுத்தில் கட்டியோடு இருந்த ஒரு சிசுவைப் பாதி வெளியே எடுத்த நிலையில் மூச்சுப்பாதையைக் கையாண்டதைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு ஸெரெல்லாவும் ஃபின்பெர்கும் எழுதினார்கள். 1992இல் லாங்கர் குழு எழுதியது. எல்லாம் தனித்தனி முயற்சிகள். ஒரு ஊரில் செய்ததை இன்னொரு ஊர் எடுத்துச் செய்யும் அளவுக்கு அது இன்னும் முறையாகவில்லை.

தடையாக நின்றது கர்ப்பப்பை. சிசேரியனில் குழந்தையை எடுத்ததும் கர்ப்பப்பை சுருங்கும். சுருங்கத்தான் வேண்டும். நிறைமாதத்தில் அதற்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் குழாய்களை மூடுவதற்கு அந்தச் சுருக்கத்தைத் தவிர வேறு இயற்கையான வழி இல்லை. ஆனால் கர்ப்பப்பை சுருங்கினால் நஞ்சுக்கு வரும் இரத்தம் குறையும். இன்னும் சுருங்கினால் நஞ்சே பெயர்ந்து வரும். தாயின் உயிரைக் காக்கிற அதே சுருக்கம்தான் அந்தப் பிள்ளைக்கு எமன். சாதாரண சிசேரியனில் கொடியை அறுக்காமல் வைத்திருந்தாலும் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எளிதாகக் குழாய் போட முடிந்த குழந்தைக்கு அது போதும். இந்தக் கட்டிகளுக்குப் போதாது.

விடை வந்தது சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து. அதைக் கொண்டுவந்தவர்கள் அப்போது கழுத்துக் கட்டியைத் தேடிக்கொண்டிருக்கவில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனையில் மைக்கேல் ஹாரிசன் என்ற குழந்தை அறுவை மருத்துவர், பிறக்காத குழந்தைக்கே அறுவை செய்வது என்ற எண்ணத்தில் ஆண்டுக்கணக்கில் செம்மறியாடுகளிலும் குரங்குகளிலும் பழகியவர். 1981இல் அவரது குழு ஒரு தாயின் கர்ப்பப்பையைத் திறந்து, சிறுநீர்ப்பாதை அடைபட்ட ஒரு சிசுவை அறுவை செய்து, மறுபடி உள்ளே வைத்துத் தைத்தது. அந்தக் குழந்தை பிறந்தபின் பிழைக்கவில்லை. ஆனால் தாய்க்கு ஆபத்தில்லாமல் கர்ப்பப்பையைத் திறந்து மூட முடியும் என்பது நிலைநின்றது. இதற்காக அவர்கள் கற்றுக்கொண்ட வித்தை, கர்ப்பப்பையை ஒரு மணி நேரம்போலச் சுருங்காமல் தளர்த்தி வைத்திருப்பது. மகப்பேறு மருத்துவத்தின் பழக்கத்துக்கு இது நேர் எதிர். மகப்பேற்று மயக்கவியலார் கர்ப்பப்பையைத் தளர்த்தும் வாயு மருந்துகளைச் சிசேரியனில் முடிந்த அளவு குறைத்தே கொடுப்பார்கள். இவர்களோ அதையே வேண்டிய மட்டும் கூட்டிக் கொடுத்தார்கள். மார்க் ரோசன் என்ற மயக்கவியல் மருத்துவர் இந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டார். சிசு அறுவையின் கதையில் கத்தி பிடித்தவர்களின் பெயர்தான் பெரிதாக வருகிறது. என்னைக் கேட்டால் பாதிப் பெருமை மயக்க மருந்து கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டியது.

ஹாரிசனை விடாமல் துரத்திய நோய் வேறு: உதரவிதானக் குடலிறக்கம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையில் ஓட்டை இருந்தால் குடலும் கல்லீரலும் மேலே ஏறி நெஞ்சுக்குள் இடம்பிடித்துக்கொள்ளும். நுரையீரல் வளர இடமில்லாமல் குறுகிப்போகும். கர்ப்பப்பையைத் திறந்து ஓட்டையைத் தைத்துப் பார்த்தார்கள். 1990இல் முதல் வெற்றியை அறிவித்தார்கள். ஆனால் கல்லீரலும் மேலே ஏறியிருந்த, மிக மோசமான நிலையில் இருந்த சிசுக்களிடம் இது பலிக்கவில்லை. கல்லீரலைக் கீழே இறக்கினால் தொப்புள்கொடியிலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாளம் மடங்கி, சிசு மேசையிலேயே இறந்தது.

அப்போதுதான் நினைப்பு வேறு திசையில் போனது. நுரையீரல் சிசுப் பருவத்தில் தானாகவே நீரைச் சுரக்கிறது. அந்த நீர் மூச்சுக்குழாய் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. வெளியேறும் வழியை அடைத்தால்? 1948இலேயே பிரான்சில் ஜோஸ்ட், பொலிகார் இருவரும் முயல் சிசுக்களில் கழுத்தைக் கட்டிப் பார்த்தபோது நுரையீரல் நீர் தேங்கிப் பெருத்ததைக் கண்டிருந்தார்கள். மனிதரிலும் இயற்கையே இந்தச் சோதனையைச் செய்து காட்டியிருந்தது. குரல்வளை மூடிய நிலையில் உருவாகும் அரிதான சிசுக்களுக்கு நுரையீரல் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். பாஸ்டனில் ஜே வில்சன் குழு 1993இல் ஆட்டுச் சிசுக்களின் மூச்சுக்குழாயைக் கட்டி, வளராத நுரையீரலை வளர வைக்க முடியும் என்று காட்டியது. ஹாரிசன் குழுவும் அதே வேகத்தில் இறங்கியது. அடைத்து வை, நுரையீரல் வளரட்டும் என்பதே திட்டம். முதலில் நுரைப்பஞ்சு போன்ற அடைப்பான், பிறகு மூச்சுக்குழாயின் மேல் வெளியிலிருந்து இறுக்கும் உலோகக் கிளிப்.

கிளிப் தன் வேலையைச் செய்தது. நுரையீரல் வளர்ந்தது. ஆனால் பூட்டைப் போட்டவர்களே சாவியும் செய்தாக வேண்டிய நிலை வந்தது. கிளிப்போடு ஒரு குழந்தை பிறந்தால் அதன் கதி, கழுத்தில் டெரட்டோமாவோடு பிறக்கும் குழந்தையின் கதியேதான். வெளியே வந்து கொடி அறுபட்டதும் கிளிப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. கழுத்தைத் திறந்து, கிளிப்பைக் கழற்றி, நசுங்கிய குழாயைப் பார்த்து, அதற்குள் குழல் செலுத்தி, நுரையீரலில் தேங்கிய நீரை உறிஞ்சி எடுக்கிறவரை நஞ்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவர்கள் கையாலேயே ஒரு பிறவி அடைப்பை உண்டாக்கியிருந்தார்கள். அதை அவிழ்ப்பதற்காக உருவான முறைதான் எக்ஸிட். குழந்தை கர்ப்பப்பைக்கு வெளியே, ஆனால் பிரசவம் முடியாத நிலையில் செய்யும் சிகிச்சை என்று விரியும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 1997இல் மிச்சாலிஸ்கா, பீலர், கிராஃப், ரோசன், ஆட்ஸிக், ஹாரிசன் ஆகியோர் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் ஸ்கார்ஸ்கார்ட் குழு, கட்டியால் அடைபட்ட சிசுவுக்கு ஏறக்குறைய இதையே செய்து வேறு பெயரில் வெளியிட்டிருந்தது. முந்தியவர் யார் என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரே பத்தாண்டில் நாலு ஊரில் ஒரே யோசனை முளைத்திருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் செய்யத்தக்க ஒழுங்குக்குக் கொண்டுவந்தது கிளிப்பின் நெருக்கடி.

அறுவை அறையில் நடப்பது இது. முதலில் எண்ணிக்கை. மேசையில் படுத்திருப்பவர் ஒருவர், நோயாளிகள் இருவர். தாய்க்கு ஒரு மயக்கவியல் குழு, மகப்பேறு மருத்துவர்கள். சிசுவுக்கு ஒரு மயக்கவியலார், அறுவை மருத்துவர்கள், காது மூக்குத் தொண்டை மருத்துவர், இதயத்தை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருப்பவர். பிறந்தபின் ஏந்திக்கொள்ளப் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள். செவிலியரையும் சேர்த்தால் இருபது பேருக்கு மேல் போய்விடும். யார் எங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுவார்கள்.

தாய்க்கு ஆழமான முழு மயக்கம். கர்ப்பப்பையின் இறுக்கம் விடும்வரை வாயு மருந்தின் அளவு ஏறும். அது அவருடைய இரத்த அழுத்தத்தையும் இறக்கும்; அழுத்தம் இறங்கினால் நஞ்சுக்குப் போகும் இரத்தம் குறையும். எனவே ஒரு பக்கம் தளர்த்திக்கொண்டே மறுபக்கம் மருந்தால் அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு வயிற்றைத் திறந்து, நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து, அதைத் தொடாத இடமாகப் பார்த்துக் கர்ப்பப்பையைக் கீறுவார்கள். தளர்ந்த கர்ப்பப்பையின் விளிம்பு கண்டபடி இரத்தம் கக்கும். அதற்காகவே ஒரு ஸ்டேப்ளர் உண்டு: வெட்டிக்கொண்டே இரு விளிம்பையும் கவ்வி மூடும், அதன் முள்கள் பின்னால் உடலிலேயே கரைந்துபோகும்.

சிசுவின் தலையும் கழுத்தும் ஒரு கையும் மட்டும் வெளியே வரும். மற்றது உள்ளேயே இருக்க வேண்டும். முழு உடம்பையும் எடுத்துவிட்டால் கர்ப்பப்பை காலியாகும், காலியானால் அது சுருங்கப் பார்க்கும். வெளியேறிய பனிநீருக்கு ஈடாக வெதுவெதுப்பான உப்புநீரை உள்ளே ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். தொப்புள்கொடியும் உள்ளேயே இருக்கும். குளிர்காற்றுப் பட்டால் அதன் நாளங்கள் இறுகும். தாய்க்குக் கொடுத்த மயக்க மருந்து நஞ்சு வழியாகச் சிசுவுக்கும் போய்ச் சேரும் என்றாலும், அசையாமலும் வலி தெரியாமலும் இருக்கத் தோளில் தனியாக ஒரு ஊசி போடுவார்கள். உள்ளங்கையைச் சுற்றி ஆக்சிஜன் அளவு காட்டும் பட்டை. பிறந்த குழந்தையிடம் 60 சதவீதம் என்று காட்டினால் அறையே பதறும். இங்கே அது இயல்பு. அந்தப் பிள்ளை இன்னும் பிறக்கவில்லையே.

முதலில் வாய் வழியாகக் குழல் போட்டுப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் மூச்சுக்குழாய் நோக்கியை உள்ளே விட்டு, கட்டியின் ஓரமாக வழி இருக்கிறதா என்று தேடுவார்கள். அதுவும் முடியாவிட்டால் கழுத்தைத் திறப்பார்கள். மூச்சுக்குழாயைக் கண்டுபிடிக்கவே கட்டியில் ஒரு பகுதியை அறுத்து எடுக்க வேண்டி வரலாம். குழாய் கிடைத்ததும் துளையிட்டு நேரே குழல் செலுத்துவதுண்டு. அந்தத் துளையிலிருந்தே ஒரு மெல்லிய கம்பியை மேல்நோக்கி வாய்க்கு அனுப்பி, அதைப் பற்றிக்கொண்டு குழலை வாய் வழியாக இறக்கும் உத்தியும் உண்டு. இவ்வளவுக்கும் நேரம் இருக்கிறது என்பதுதான் புதிது. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் 31 பேர் அனுபவத்தை 2002இல் புஷார் குழு தொகுத்தபோது, குழந்தை நஞ்சின் துணையில் இருந்த சராசரி நேரம் ஏறக்குறைய அரை மணி. சிலருக்கு ஒரு மணி நேரத்தையும் தாண்டியது.

குழல் நிலைத்து, நுரையீரல் விரிந்து, ஆக்சிஜன் அளவு மளமளவென்று ஏறும்போது அறையில் ஒரு கணம் எல்லாம் திரும்பும். கொடியில் இடுக்கி விழும் நேரத்தை மயக்கவியலாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதுவரை கூட்டிக் கூட்டிக் கொடுத்த வாயுவை அவர் குறைப்பார். கொடி அறுந்ததும் ஆக்ஸிடோசின் ஏறும். இவ்வளவு நேரம் சுருங்காதே என்று கட்டிப்போட்டிருந்த கர்ப்பப்பையைப் பார்த்து இப்போது சுருங்கு என்று சொல்ல வேண்டும். அது கேட்கத் தாமதித்தால் தாயின் இரத்தம் நிற்காது. எக்ஸிட்டில் தாய்க்குள்ள முதன்மையான ஆபத்து இதுதான். தன் உடம்பில் நோயே இல்லாத ஒரு பெண் இன்னொரு உயிருக்காக இந்த ஆபத்தை ஏற்கிறார் என்பதைச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிற மருத்துவர்கள் நேராகச் சொல்லியாக வேண்டும். இரண்டு நோயாளிகள் என்று பேசும்போது ஒருவர் மற்றவருக்கான பாத்திரமாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

ஆட்ஸிக் 1995இல் சான் ஃபிரான்சிஸ்கோவை விட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்ச் சிசு சிகிச்சை மையம் ஒன்றை உருவாக்கினார். முறையும் கூடவே போனது. கழுத்துக் கட்டி, வாய்க் கட்டி, பிறவியிலேயே மூடிய குரல்வளை என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தாய்மார் வரத் தொடங்கினார்கள். கிளிப்பைக் கழற்றவென்று செய்த சாவி இயற்கை போட்ட பூட்டுகளுக்கும் பொருந்தியது.

கிளிப் என்ன ஆனது? அதை வைக்கவும் எடுக்கவும் கழுத்தைக் குடையும்போது குரல்நாணுக்குப் போகும் நரம்பு சேதமாயிற்று. அதன் இடத்தில் மூச்சுக்குழாய்க்குள் ஊதி நிற்கும் சிறு பலூன் வந்தது. பிறகு 2003இல், ஹாரிசன் குழு தாங்களே நடத்திய ஒப்பீட்டு ஆய்வின் முடிவை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. 24 தாய்மார். மூச்சுக்குழாயை அடைத்த 11 சிசுக்களில் 8 பிழைத்தன; ஒன்றும் செய்யாமல் நல்ல பச்சிளங்குழந்தைப் பராமரிப்பை மட்டும் பெற்ற 13இல் 10 பிழைத்தன. அடைத்ததால் பயன் எதுவும் தெரியவில்லை; ஆய்வு பாதியிலேயே நின்றது. ஆண்டுக்கணக்கில் உழைத்த யோசனையைத் தாங்களே தராசில் வைத்து, இறங்கிவிட்டது என்று தாங்களே எழுதியிருக்கிறார்கள். மருத்துவத்தில் இந்த நேர்மை நாம் நினைக்கிற அளவுக்குச் சாதாரணமல்ல.

அந்த யோசனை செத்தும் போகவில்லை. பெல்ஜியத்தின் லூவென் நகரத்து யான் டெப்ரெஸ்ட் தலைமையில், தோல் வழியாக ஒரு மெல்லிய நோக்கியைச் செலுத்திப் பலூன் வைத்து, 34ஆம் வாரத்தில் பிரசவத்துக்கு முன்பே அதை எடுத்துவிடும் முறை வளர்ந்தது. 2021இல் வெளியான ஆய்வில், மிக மோசமான நுரையீரல் கொண்ட குழந்தைகளில் 40 சதவீதம் பிழைத்து வீடு திரும்பின. பலூன் வைக்காதவற்றில் 15 சதவீதம். பலூனை முன்பே எடுத்துவிடுவதால் இதற்குப் பெரும்பாலும் எக்ஸிட் தேவைப்படுவதில்லை. யாருக்காக அது பிறந்ததோ அவர்கள் போய்விட்டார்கள். இன்று எக்ஸிட்டின் மேசைக்கு வருபவர்களில் முதன்மையானவர்கள் கட்டியோடு வரும் சிசுக்கள்.

எல்லாக் கட்டிக்கும் இது வேண்டுமா என்ற கேள்வி இப்போது கூர்மையாகியிருக்கிறது. வெளியே பெரிதாகத் தொங்கும் கட்டி உள்ளே மூச்சுக்குழாயைத் தொடாமலும் இருக்கலாம். அதற்காக ஒரு தாயை ஆழ்ந்த மயக்கத்துக்கும் இரத்தப்போக்கு ஆபத்துக்கும் உள்ளாக்குவது நியாயமல்ல. 1990களில் வந்த அதிவேக எம்.ஆர்.ஐ. படங்கள் இதற்கு உதவுகின்றன. சிசு புரண்டாலும் படம் கலங்காது. டெக்ஸாஸ் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த லாசர் குழு 2012இல் ஒரு அளவுகோலைச் சொன்னது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முதுகெலும்பின் முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டிலும் முன்னோக்கியும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று படத்தில் அளந்து கூட்டுவது. அந்தத் தொகை 12 மில்லிமீட்டரைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் மூச்சுப்பாதை சிக்கலாகவே இருந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதை வைத்துப் பயந்த காலம் போய், விலகலை மில்லிமீட்டரில் எண்ணும் காலம் வந்திருக்கிறது.

மூச்சுப்பாதை கிடைத்துவிட்டால் கதை முடிந்தது என்றும் இல்லை. பெரிய டெரட்டோமா தலையைப் பின்னுக்கு வளைத்து, மூச்சுக்குழாயை மேலே இழுத்து, நுரையீரலையே நெஞ்சின் உச்சியில் நெருக்கி வைத்திருக்கும். அப்படிப்பட்ட நுரையீரல் வளர்ச்சி குன்றியிருக்கும், குழல் சரியாக விழுந்தும் சில குழந்தைகள் அதனால் இறந்துபோகின்றன. கட்டிக்குள் பாயும் இரத்தத்தின் பளுவால் சிசுவின் இதயம் முன்பே தளர்ந்து உடம்பு வீங்குவதும் உண்டு. தேங்கிய பனிநீர் நாள் குறிக்கும் முன்பே குடத்தை உடைத்துவிடலாம். அப்படி நடுராத்திரியில் வலி கண்டால் இருபது பேரை ஒரே அறையில் கூட்டுவது எப்படி என்பது, இந்தச் சிகிச்சை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டிய கேள்வி.

பிழைத்த குழந்தையிடம் டெரட்டோமாவைச் சில நாளில் முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். தைராய்டும் அதோடு போய்விட்டால் ஹார்மோன் மாத்திரை தொடரும். நிணநீர்ப் பைகள் வேறு ரகம். நரம்புகளுக்கும் நாளங்களுக்கும் இடையே ஊடுருவியிருப்பதால் ஒரே அறுவையில் ஒழிக்க முடியாது. மருந்தை ஊசியால் உள்ளே செலுத்திச் சுருங்க வைப்பது, சிரோலிமஸ் என்ற மாத்திரை, திரும்பத் திரும்ப அறுவை என்று ஆண்டுகள் ஓடும். அந்த வீட்டில் தொண்டைத் துளையைத் துடைத்துப் பராமரிப்பது அன்றாட வேலையாகிவிடும். எக்ஸிட் பற்றிய செய்திகளில் இந்தப் பகுதி அனேகமாக வருவதே இல்லை.

இதற்கிடையில் பாதிப் பிறப்பே வேண்டாம் என்று யோசித்தவர்களும் உண்டு. 2010இல் மயாமியின் ஜாக்சன் மெமோரியல் மருத்துவமனையில் ருபென் கின்டெரோ, 17 வார சிசு ஒன்றின் வாயிலிருந்து கிளம்பிய டெரட்டோமாவை, தாயின் வயிற்றில் சிறு துளையிட்டு நோக்கி செலுத்தி லேசரால் வெட்டிவிட்டார். தாய்க்குத் துளையிட்ட இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி. அவர் விழித்தபடியே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து நிறைமாதத்தில் அந்தப் பெண் குழந்தை வழக்கமான முறையில் பிறந்தது. அந்தக் கட்டி உதட்டருகே ஒரு காம்பில் தொங்கியது, அதனால் வெட்ட முடிந்தது. கழுத்துக்குள் அகன்று வேரோடியிருக்கும் கட்டிகளுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. அவற்றுக்குப் படத்தை அளந்து, குழுவைக் கூட்டி, நஞ்சு தருகிற அந்த அரை மணி நேரத்தில்தான் வேலையை முடித்தாக வேண்டும்.